வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆறு வருடங்களுக்கு முன் அந்த நான்கு ஏக்கரில் முள்ளும் சரளைக்கல்லும்தான் கிடந்தன. இன்று தேக்குக்கும் வேம்புக்கும் நடுவே துவரை நெஞ்சளவு நிற்கிறது. எப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். நான் செய்யவிருந்த தப்புகளை நீங்கள் ஒவ்வொருவராக வந்து தடுத்தீர்கள், அவ்வளவுதான்.

முதலில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். 2 மீட்டருக்கு ஒரு கன்று, ஏக்கருக்கு ஆயிரம் தேக்கு என்று கணக்குப் போட்டு எடுத்துப்போனேன். தாளைப் பார்த்துவிட்டு, "சரி, விதைப்பு எங்கே?" என்றார். வரிசைக்கு வரிசை 8 மீட்டர், மரத்துக்கு மரம் 3 மீட்டர் என்று மாற்றினோம்; ஏக்கருக்கு 170 மரத்துக்குள் அடங்கியது. அதோடு விட்டாரா? மேட்டில் கடப்பாரையை இறக்கிக் காட்டினார். ஓரடிக்குக் கீழே 'ணங்'கென்று பாறை. "தேக்குக்கு ஆழம் வேணும். இங்கே வேம்பை வைப்பா."

மண் அள்ளும் வண்டி ஓட்டிய தம்பிக்கு அடுத்த நன்றி. சரிவைக் கண்ணால் பார்த்தே வரப்பு போடச் சொன்னேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பி, என்னை ஒரு முனையில் நிறுத்தி, மட்டம் ஒத்துவந்த இடத்திலெல்லாம் சுண்ணாம்பு வைத்தார். நான் ஒரே மட்டம் என்று நினைத்த கோடு கடைசியில் முழங்கால் அளவு இறங்கியிருந்தது. என் வரப்பு முதல் மழையிலேயே உடைந்திருக்கும். அந்த அரை நாளுக்கு அவர் கூலி வாங்கவில்லை. தம்பி, அது என் கணக்கில் கடனாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் வருடம் மரத்தோரத் தட்டைப்பயறு மட்டும் குட்டையாக நின்றது. உரம் போடலாம் என்று கிளம்பினேன். களையெடுக்க வந்த அக்கா, "உரம் போட்டா அதையும் மரமே தின்னும்" என்று சொல்லி மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினார். பயிருக்கடியில் விரல் தடிமனில் தேக்கு வேர். மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இரண்டடி ஆழத்துக்குக் குழி நீள வெட்டி, பக்க வேர்களை அறுத்து, உள்ளே சருகைக் கொட்டினோம். அடுத்த மழைக்குத் தண்ணீரும் அதிலேயே தங்கியது. சருகை எரிக்காதே என்று முன்பே சண்டை போட்டவரும் அதே அக்காதான்.

கவாத்து செய்ய வந்த அண்ணனிடமும் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். நிழல் குறையட்டும் என்று உச்சிவரை கழிக்கச் சொன்னேன். "இலை இல்லாம மரம் எதை வெச்சுச் சமைக்கும்?" என்றார். கீழ்க்கிளைகளோடு நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு கிளையிலும் முதலில் அடியிலிருந்து ஒரு சின்ன அறுப்பு, அப்புறம் மேலிருந்து. பட்டை உரியாமல் கிளை கழன்று விழுந்தது.

ஆடு மேய்க்கும் ஐயா, கன்றுகள் தலைக்கு மேல் வளரும்வரை இரண்டு வருடம் மந்தையைச் சுற்றுவழியில் ஓட்டிப்போனீர்கள். நான் கேட்டது ஒரே ஒருமுறை. இந்த அறுப்பு முடிந்ததும் நீங்கள்தான் வயலுக்கு எருவாக மந்தையை இரவில் அடைத்துக் கிடை போடவேண்டும்.

துவரைக் காய் நெற்றாகிவிட்டது. அடுத்த வாரம் அறுப்பு. எல்லோரும் ஆளுக்கொரு சாக்கோடு வாருங்கள். பெரியவரே, கடப்பாரையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.