நாஷ்வில்லிலிருந்து அப்பாவுக்கு

நாஷ்வில், டென்னஸி
8 மார்ச் 2026

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்பெட்டிப் பக்கத்தில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு கடுதாசிகூடப் போடாதது தப்புதான். போனில் பேசிக்கொள்கிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் நீங்கள் "சரிப்பா, வச்சிரட்டுமா" என்பதைத் தாண்டுவதில்லை. கேட்க நினைத்ததையெல்லாம் கடிதத்தில்தான் கேட்கிறீர்கள்.

"தையிலும் மாசியிலும் பணம் குறைந்திருக்கிறது. வேலை இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது அப்பா. அதே கம்பெனி, அதே சம்பளம். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே கிரிட்ஸ் என்று மக்காச்சோளக் குருணையைக் கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள். இவர்கள் வெண்ணெய் போட்டுச் சாப்பிடுவார்கள். நான் ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் அடியில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது.

ஜனவரியில் உறைமழை பெய்து ஒன்றரை நாள் கரன்ட் இல்லை. மரக்கிளையெல்லாம் கண்ணாடி பூசினது போல் ஆகி முறிந்து விழுந்தது. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு வாளி விறகும், சட்டியில் சுட்ட சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். எண்பது வயதிருக்கும். தனியாள். வாசலில் மழைமானி நட்டு, தினமும் காலை ஏழு மணிக்கு அளவு பார்த்து நோட்டில் எழுதுகிறார். கோடையில் வெண்டைக்காய் போடுவாராம். இந்த ஊரில் அதைச் சோளமாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள், தெரியுமா? நம் வீட்டு வெண்டைக்காய்ப் பொரியலை அவருக்கு ஒருநாள் செய்து கொடுக்க வேண்டும்.

பணக் குறைவுக்குக் காரணம் வரி. கணக்குப் பிள்ளையாக இருந்தவர் நீங்கள், விவரமாக எழுதினால்தான் ஒத்துக்கொள்வீர்கள்.

ஆகஸ்டில் நான் நியூயார்க்கிலிருந்து இங்கே குடிவந்தேன். டென்னஸியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. (அதற்குப் பதில் கடைச் சாமானில் வாங்கிவிடுகிறார்கள். நாஷ்வில்லில் விற்பனை வரி 9.75 சதவீதம்.) கம்பெனி நியூயார்க்கிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று நான்தான் கேட்டேன், சம்மதித்தார்கள். முகவரியை மாற்றிக் கொடுத்ததும் சம்பளப் பிரிவில் நியூயார்க் வரிப் பிடித்தத்தையே நிறுத்திவிட்டார்கள். செப்டம்பரிலிருந்து கைக்குக் கூடுதலாக வந்தது. தங்கச்சி நகைச்சீட்டுக்கு அனுப்பியது அந்தப் பணம்தான்.

போன மாதம் வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் தெலுங்கு அம்மா ஒருவரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. நியூயார்க் கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவன் வேறு மாநிலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தால், அது கம்பெனியின் தேவைக்கா, அவனுடைய சொந்த வசதிக்கா என்று நியூயார்க் கேட்கிறது. வசதிக்கு என்றால், அந்த நாளும் நியூயார்க்கில் வேலை பார்த்த நாளாகவே கணக்கு. இதே நாஷ்வில்லில் இருந்துகொண்டு நியூயார்க் குவீன்ஸில் இருந்த அலுவலகத்துக்கு வேலை பார்த்த ஹக்கபி என்ற கம்ப்யூட்டர் புரோகிராமர் கோர்ட் வரை போயிருக்கிறார். அங்கே போய் வேலை செய்தது கால்பங்கு நாள்தான், அதற்கு மட்டும் வரி கட்டுகிறேன் என்பது அவர் வழக்கு. 2005இல் நியூயார்க்கின் உச்சபட்ச நீதிமன்றம், நான்கு நீதிபதிகள் ஒருபக்கம் மூவர் மறுபக்கம் என்று, முழுச் சம்பளத்துக்கும் கட்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. நான் எம்மாத்திரம்?

நிலம் எந்தக் கிராமத்தில் இருக்கிறதோ அந்தக் கிராமக் கணக்கில்தானே கிஸ்தி? முப்பது வருஷம் அப்படித்தான் அடங்கல் எழுதினீர்கள். இங்கே என் உடம்பு ஒரு மாநிலத்தில் இருக்கிறது, என் உழைப்பு இன்னொரு மாநிலத்துக் கணக்கில் ஏறுகிறது. எனக்கு வலிப்பது அந்த 'வசதி' என்ற சொல்தான். அந்த ஊர் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கிளம்பி வந்ததற்குப் பெயர் வசதியா அப்பா? சரி, அதை விடுங்கள்.

நியூயார்க் நகரத்துக்கென்று தனி வருமான வரி ஒன்று உண்டு. அது அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். அதனால் நான் குடிமாறிய தேதியோடு அது நின்றுவிடும். மாநில வரிதான் நான்கு மாதத்துக்குச் சேர்ந்து நிற்கிறது. ஏப்ரல் 15க்குள் கட்ட வேண்டும். மனுப் போட்டால் படிவம் தாக்கல் செய்யக் கெடு நீட்டித் தருவார்கள், பணத்துக்குத் தரமாட்டார்கள். தவணை கேட்கலாம், கேட்டிருக்கிறேன். பெரிய தொகை இல்லை. கவலைப்படாதீர்கள்.

பேப்பரில் படித்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீதம் வரியாமே என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஜனவரியிலிருந்து வந்திருக்கிறது. ரொக்கமாகவோ மணியார்டராகவோ கொடுத்து அனுப்புகிறவர்களுக்குத்தான் அது. நான் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புவதால் எனக்கு இல்லை.

குடிமாறிய தேதிக்கு ஆதாரம் எடுத்து வைக்கச் சொன்னார் அந்தத் தெலுங்கு அம்மா. வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. இருந்தாலும் கிழவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். போன வருஷத்து நோட்டை எடுத்துவந்து விரலால் தடவிக் காட்டினார். ஆகஸ்ட் 16, மழை இல்லை, பக்கத்து வீட்டுக்கு ஒரு பையன் வந்திருக்கிறான், ஒரு மெத்தை, மூன்று பெட்டி. அவ்வளவுதான் எழுதியிருந்தது. நீங்கள் மழைக்கணக்கு எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேனே, அந்த மை வாசனை எங்கிருந்தோ வந்தது. அவர் வீட்டுத் திண்ணையிலேயே அழுதுவிட்டேன். அவர் நோட்டை மூடிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இதை அம்மாவிடம் வாசிக்காதீர்கள்.

இனி வீட்டு விஷயம். அம்மா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். திருநெல்வேலி அரவிந்துக்கு அத்தானைக் கூட்டிக்கொண்டு போங்கள். நகைச்சீட்டு இரண்டு தவணை பிந்தினால் பரவாயில்லை, கண் பிந்தக் கூடாது. கிணற்று மோட்டாருக்குப் புது காயில் கட்டினால் போதும், புது மோட்டார் இப்போது வேண்டாம். கூட்டுப்பட்டாவைப் பிரிப்பதில் கீழவீட்டு மாமா அவசரப்பட்டால், நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் இது வந்து சேர வேண்டும் என்று சாஸ்தாவை வேண்டிக்கொள்கிறேன். கோயில் தலைக்கட்டு வரி போடும்போது, அமெரிக்காவில் சம்பாதிக்கிறவனுக்குத் தனியாக ஒரு தலைக்கட்டு போட வேண்டும் என்று மேலத்தெரு சித்தப்பா கூட்டத்தில் சொன்னாராமே. கல்யாணம் ஆகாதவனுக்கு ஏது தலைக்கட்டு என்று நீங்கள் சண்டை போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அப்பா. என் பெயருக்குப் போடட்டும். அதை நான் சந்தோஷமாகக் கட்டுவேன். ரசீதில் உங்கள் பெயருக்கு அடுத்த வரியில் என் பெயரை முழுசாக எழுதச் சொல்லுங்கள். தங்கச்சியை அதைப் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்