'சத்தம் பழகிவிட்டது' என்று எழுதியிருந்தாய்

அன்பு மகளுக்கு,

இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் உனக்கு ஷிப்ட் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அடுத்த வரியில், "முதல் வாரம் சத்தம் தாங்கவில்லை, இப்போது பழகிவிட்டது அப்பா" என்று எழுதியிருந்தாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் உன் அம்மாவிடம் இதையேதான் சொன்னேன்.

காது சத்தத்துக்குப் பழகாது அம்மா. உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஒரு சுருள். அதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஏறக்குறைய 15,000. ஓயாத இரைச்சலில் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், திரும்ப முளைக்காது. வலியும் தெரியாது. ஷிப்ட் முடிந்தால் காதில் ரீங்காரம், பஞ்சு அடைத்தது போல மந்தம், காலையில் சரியாகிவிடும். நான் அதைக் களைப்பு என்றே நினைத்தேன். பெரும்பாலும் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறன். ஆள் பேசுவது கேட்கும், என்ன சொன்னார் என்பது பிடிபடாது.

சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுதான் காது தாங்கும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். சில நாட்டுச் சட்டங்கள் இதைவிடத் தாராளமாக விட்டிருக்கின்றன. நீ இந்தக் கணக்கையே பிடித்துக்கொள். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், மீட்டர் கொண்டுவந்து அளக்கச் சொல்.

காதில் செருகும் நுரை இயர் பிளக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று மேலிடத்தில் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதே. முதலில் இயந்திரத்தைப் பார். ஆடுகிற தகடு, தேய்ந்த பேரிங், சைலன்சர் இல்லாமல் சீறும் காற்றுக்குழாய், இவற்றைச் சரிசெய். அடியில் ரப்பர் வை, மூட முடிந்ததை மூடு. மிச்சத்துக்குத்தான் பிளக். அதையும் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலே பின்பக்கமாக இழுத்துச் செருகி, விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். உன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் நீயே செய்து காட்டு. பாதி வெளியே தொங்கினால் போட்டும் பயனில்லை.

வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஆடியோமெட்ரி, அதாவது கேள்திறன் சோதனை, எடுக்கச் சொல். உன்னுடைய முதல் சோதனையை இந்த மாதமே எடுத்துவிடு, வேலைக்குப் போகாத நாளில்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசு. உன் குரல் கேட்கிறது, பாதி வார்த்தைகளை அம்மாதான் திருப்பிச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா