வயிற்றைக் காட்டுகிற பூனை

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ அழாத குறையாகப் பேசியது மனதை விட்டுப் போகவே இல்லை. "மல்லாந்து படுத்து வயித்தைக் காட்டுச்சு, ஆசையாத் தடவினேன், கடிச்சுப் பிறாண்டிடுச்சு. அதுக்கு என்னைப் பிடிக்கலைப்பா" என்றாய். அப்போது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் கை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு. பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி ஆழமாக இறங்கியிருக்கும். இன்றே டாக்டரிடம் காட்டு, ரேபிஸ் ஊசி வேண்டுமா என்றும் கேள்.

சரி, இப்போது பூனை. வயிறு அதன் உடம்பில் காவலே இல்லாத இடம். மார்புக்கு விலா எலும்பு இருக்கிறது, வயிற்றுக்கு அதுவும் கிடையாது. வேட்டையாடும் பிராணி என்றாலும் பெரிய மிருகங்களுக்கு இரையாகவும் ஆகிற உடம்பு அது. அப்படிப்பட்ட இடத்தை உன் எதிரே திறந்து போட்டுப் படுக்கிறது என்றால், நீ இருக்கும் அறையில் அதற்குப் பயமில்லை. அவ்வளவுதான் அது சொன்னது, தடவச் சொல்லவில்லை. நீ நாய்களோடு வளர்ந்தவள். நாய் வயிற்றைக் காட்டினால் பெரும்பாலும் தடவச் சொல்லித்தான் கேட்கும், அந்தப் பழக்கத்தில் கை நீட்டிவிட்டாய். வயிற்றில் கை பட்டதும் முன்னங்கால்களால் கட்டிப்பிடித்துப் பின்னங்கால்களால் உதைப்பது பூனைக்குத் தானாக வருவது. அதில் கோபமோ வெறுப்போ இல்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ பிறப்பதற்கு முன்னால் எங்களிடம் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. தொட்டுத் தொட்டுப் பழக்கிவிடலாம் என்று தினமும் அதன் வயிற்றில் கை வைப்பேன். கொஞ்ச நாளில் அது என் முன்னால் மல்லாந்து படுப்பதையே விட்டுவிட்டது. உன் அம்மா பக்கத்தில் மட்டும் கால்களைப் பரப்பிக்கொண்டு தூங்கும். அவள் அதைத் தொடவே மாட்டாள், சும்மா உட்கார்ந்திருப்பாள். கடைசிவரை என்னிடம் அது மறுபடி அப்படிப் படுக்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான். உனக்கு அந்த வருத்தம் வேண்டாம்.

தொட ஆசையாக இருந்தால் விரலை அதன் மூக்குக்கு நேரே நீட்டிக் காத்திரு. தானாக வந்து உரசினால் கன்னத்தையும் தாடைக்கு அடியிலும் தடவு. அங்கெல்லாம் வாசனைச் சுரப்பிகள் உண்டு. உன் காலில் கன்னத்தைத் தேய்ப்பதும் தன் வாசனையை உன்மேல் பூசத்தான். வாலடியைப் பல பூனைகளுக்குப் பிடிக்காது. நாலைந்து விநாடி தடவிவிட்டு நிறுத்து, இன்னும் வேண்டுமென்றால் அதுவே தலையை முட்டும். வால் அடித்தால், காது மடங்கினால், முதுகுத் தோல் துடித்தால் கையை எடுத்துவிடு. குர்குர் சத்தத்தை மட்டும் நம்பாதே, வலியிலும் பூனை அப்படிச் சத்தம் போடும். கையைப் பிடித்துக்கொண்டால் இழுக்காமல் அப்படியே அசையாமல் வை, தானாக விடும்.

வயிற்றைத் தடவினால் சொக்கிப்போகும் பூனைகளும் உண்டு. பிறந்த 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதர்கள் அன்பாகக் கையாண்ட குட்டிகள் தொடுதலுக்கு நன்றாகப் பழகும். உன்னுடையது வளர்ந்தபிறகு வந்தது, அதற்கு முன் என்னென்ன பட்டதோ, பாவம். அப்புறம், வழக்கமாகத் தடவவிடுகிற இடத்தைத் திடீரென்று தொடவிடாவிட்டால் வலி இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோ.

இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் பதிலுக்கு அப்படிச் செய்கிறதாம். முன்பின் தெரியாதவர் அப்படிச் செய்தபோதுகூட, அவர் நீட்டிய கைக்குப் பக்கத்தில் கூடுதலாக வந்திருக்கின்றன.

இன்று ராத்திரி அது மல்லாந்து படுத்தால் பக்கத்தில் தரையில் உட்கார். கை மடியிலேயே இருக்கட்டும். கண்ணை மட்டும் மெல்ல மூடித் திற. அது என்ன செய்தது என்று எனக்குச் சொல், ஆனால் டாக்டர் என்ன சொன்னார் என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா