லீவு கேட்டா குடுத்துரு கண்ணு

கண்ணு,

டாக்காவுல எதுக்கெடுத்தாலும் அரசியல் பேசறாங்கப்பான்னு போன்ல சலிச்சுக்கிட்ட, உன் லைன்ல தைக்கற பொண்ணுங்க நெறைய பேர் கடலோரத்துல இருக்கற போலா தீவுப் பக்கம்னும் சொன்ன, அதான் எழுதறேன்.

1970 நவம்பர் 12 ராத்திரி, பௌர்ணமிய ஒட்டி கடல் ஏத்தமா இருந்த நேரம் பாத்து அந்த போலா பக்கம் புயல் அடிச்சுது, தீவு தீவா மூழ்கிப்போச்சு. கொறைஞ்சது 3 லட்சம் பேர், 5 லட்சம்னும் சொல்றாங்க. தப்பிச்சவங்களுக்கு நெஞ்சு, கை, தொடையெல்லாம் தோல் உரிஞ்சு கெடந்துச்சாம், மரத்தக் கட்டிப்புடிச்சே தொங்கிட்டு இருந்ததுல. புடிக்க பலமில்லாத சின்னதுங்கதான் போயிருச்சுங்க, செத்தவங்கள்ல பாதிக்கு மேல 10 வயசுக்குள்ள. இத படிச்சப்ப உங்கம்மா போதும் நிறுத்துங்கன்னுட்டா.

அப்ப அது கிழக்கு பாகிஸ்தான். சணல் வித்த காசெல்லாம் மேற்குக்குப் போகுதுன்னு அவங்களுக்கு ஏற்கனவே கோவம், 1966லயே அவங்க அவாமி லீக் கட்சித் தலைவர் முஜிப், கிழக்குக்கு தன்னாட்சி வேணும்னு ஆறு அம்சக் கோரிக்கை வெச்சாச்சு. ஜனாதிபதி யாஹியா கான் சீனாவுல இருந்து திரும்பற வழியில டாக்காவுல எறங்கி, பிளேன்ல ஒரு சுத்து பாத்துட்டு மேற்க கெளம்பிட்டாரு, நிவாரணமும் ரொம்ப லேட்டு. பொணத்தப் பொதைக்க ஆளில்லாத ஊர்க்காரனுக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. ஒரு மாசம்கூட ஆகல, டிசம்பர் 7 எலெக்ஷன், புயல் அடிச்ச தொகுதிகளுக்கு மட்டும் ஜனவரில வெச்சாங்க. கிழக்குல இருந்த 162 சீட்ல 160 அவாமி லீக். புயல் இல்லாட்டியும் முஜிப் ஜெயிச்சிருப்பாருதான், ஆனா மொத்த ஊரும் அப்படி ஒரே பக்கம் சாஞ்சதுல அந்தப் பொணங்களுக்கும் பங்கு இருக்குன்னுதான் நான் நெனைக்கறேன். ஜெயிச்சவங்க கையில ஆட்சியக் குடுக்காம இழுத்தடிச்சு, மார்ச் 25 ராத்திரி ராணுவத்த ஏவிவிட்டாங்க, டிசம்பர் 16 வங்கதேசம் விடுதலையாச்சு.

புது நாடானதும் மெகாஃபோன், கொடியோட ஊர் ஊருக்கு தொண்டர்கள், ஆடுமாட ஏத்த மண்மேடு, அப்பறம் மாடி வெச்ச ஷெல்டர்னு கட்டுனாங்க. சீக்கிரம் ஒண்ணும் சரியாயிடல, 1991ல மறுபடி 1,38,000 பேர் போனாங்க. ஆனா 2020 ஆம்பன் புயல்ல லட்சக்கணக்குல ஜனங்கள முன்னாடியே கெளப்பிட்டாங்க, சாவு சில பத்தோட நின்னுச்சு.

அரசாங்கம் வருதா வரலையாங்கறது அந்தப் பொண்ணுங்க வீட்டுல உசுரு விஷயம், பேசத்தான் செய்வாங்க. 10ம் நம்பர் புயல் சிக்னல் ஏத்தி, ஊர்ல அம்மா தனியா இருக்குன்னு எவளாச்சும் லீவு கேட்டா டார்கெட்ட பாக்காத, மொதல்ல அனுப்பு. ஷிப்மென்ட் லேட்டானா ஏர்ல போட்டுக்கலாம்.

அப்பா