அமைதியான முகாமிடம் தேடிய ஓர் ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். நிருவாகக் குழு மாதந்தோறும் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா நிலுவை வைத்திருப்பவர்களின் விபரமும் அவரிடமே இருக்கிறது. அவற்றை அவரிடம் விட்டுவிட்டு, நாம் எதற்காகச் சங்கமாகக் கூடினோமோ அந்த விடயத்துக்கு வருகிறேன். கூடாரம் அடித்தோ காருக்குள்ளேயே படுத்தோ, கூட்டமும் கூச்சலும் இல்லாத இடத்தில் ஓர் இரவைக் கழிக்க வேண்டும் என்பதே நமது நோக்கம்.

சிலர் இதை வெளிநாட்டுப் பழக்கம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் நமது திருகோணமலையைத் தாண்டி, வெருகல் வழியாகத்தான் போகிறார்கள். கோயில் வீதியிலும் மரநிழலிலும் பாய் விரித்து உறங்கி எழுந்து நடக்கும் அந்த அடியார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கூடாரத் துணிதான் நமக்குப் புதிது.

முதலில் இந்த ஆண்டின் பெரிய தவறைச் சொல்லிவிடுகிறேன். அது என்னுடைய தவறு. ஜூன் மாதப் பயணத்துக்கு நான் குறித்த நாள் 21ஆம் திகதி. பொசன் போயா என்ற முழுநிலா விடுமுறை, வெள்ளிக்கிழமை. அதனோடு சனியும் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. எல்லோருக்கும் லீவு கிடைக்கும் நாளாகப் பார்த்தேன். எல்லோருக்கும் கிடைக்கும் லீவு நாடு முழுவதற்கும் கிடைக்கும் என்பதை யோசிக்கவில்லை. வடக்குக் கரையோரத்தில் ஒரு தனியார் காணியைத் தொலைபேசியில் பதிவு செய்திருந்தோம். போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே வான்கள் வரிசையாக நின்றன. கூடாரங்கள் எவ்வளவு நெருக்கம் என்றால், எங்கள் கூடாரக் கயிற்றுக்கு மேலால்தான் பக்கத்துக் கூடாரத்தின் கயிறு போனது. ஒரு மூலையில் மின்பிறப்பாக்கி, இன்னொரு மூலையில் ஒலிபெருக்கி. நள்ளிரவு தாண்டியும் பாட்டு நிற்கவில்லை. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே உத்தரவிட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டும் பயனில்லை. முதன்முறையாக வந்திருந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு அதிகாலை 2 மணிக்கு வீடு திரும்பியது. அந்தக் குடும்பத்திடம் இந்தச் சபையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இரவுக்குப் பிறகு நமது நடைமுறையை மாற்றினோம். இப்போது பயண நாளைக் குறிக்கும்போது முதலில் நாட்காட்டியில் போயாவையும் நீண்ட விடுமுறையையும் அடித்துவிடுகிறோம். செவ்வாயும் புதனும் நமது நாட்கள். வார இறுதிதான் முடியும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய் திங்கள் காலை திரும்பலாம். கூட்டம் கலைந்து போகும் நேரத்தில் நாம் உள்ளே போகிறோம். காணிக்காரரிடம் “இடம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவதில்லை. அன்றிரவு மொத்தம் எத்தனை கூடாரங்களுக்கு இடம் கொடுப்பார், மின்பிறப்பாக்கி ஓடுமா, பிறந்தநாள் விழாவோ அலுவலக ஒன்றுகூடலோ பதிவாகியிருக்கிறதா, கார் கூடாரத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறோம். உள்ளே போனதும் வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மலசலகூடத்துக்கும் எட்ட இருக்கும் மூலையைத் தெரிகிறோம். இரவு முழுவதும் ஆட்கள் நடப்பதும் கார்க் கதவு அடிபடுவதும் அந்த மூன்று இடங்களில்தான்.

பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். நமது கரைக்குப் பயணிகள் குவிவது மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் தொடங்கும் வாடை மழையில் கூடாரம் நிற்காது. ஆகவே மாசி, பங்குனிதான் நமக்கு வாய்த்த காலம். மழை ஓய்ந்து, கடல் அடங்கி, மண்ணில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும். புத்தாண்டு விடுமுறைக் கூட்டமும் வந்திருக்காது.

மாசிக் கடைசியில் குச்சவெளிக்கு வடக்கே போன பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வீடு கூடக் கண்ணில் படாத நீண்ட மணற்கரை. அடம்பன் கொடி படர்ந்த மேட்டுக்குக் கீழே கூடாரங்களை அடித்தோம். இரவு அலைச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. அதிகாலை ஐந்து மணிக்கு யாரோ மெதுவாகக் கூடாரத் துணியைத் தட்டினார்கள். வெளியே வந்தேன். சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் நின்றார். “மகள், நீங்கள் படுத்திருப்பது எங்கள் கரைவலைப் பாட்டில், வலை இழுக்கும் இடத்தில். கயிறு இந்த வழியாகத்தான் வரும்” என்றார். குரலில் கோபமில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஆளில்லாத கரை என்று நாங்கள் நினைத்த இடம், வலைச் சொந்தக்காரரான அவருடைய சம்மாட்டிக்கும் முப்பது பேருக்கும் வேலைத்தளம். பத்து நிமிடத்தில் கூடாரங்களைத் தூக்கி மேட்டுக்கு மாற்றினோம். பிறகு எங்களில் சிலர் கயிற்றைப் பிடித்தார்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்குக் கால் மாற்றி மாற்றிப் பின்னால் நடக்க வேண்டும். நம்மவர்களுக்கு அந்தத் தாளம் பிடிபட ஒரு மணித்தியாலம் ஆனது. வலை கரையேறியதும் எங்கள் சட்டி நிறையச் சூடை மீன் போட்டுத் தந்தார்கள். பணத்தை நீட்டினோம். வாங்க மறுத்துவிட்டார்கள்.

அன்று படித்ததை இப்போது விதியாகவே வைத்திருக்கிறோம். இடம் பார்க்கப் போகிறவர்கள் பகலில் போக வேண்டும். முதலில் அங்கே உழைக்கும் ஆட்களைக் கண்டு கதைக்க வேண்டும்: கரையென்றால் மீனவர் வாடியில் இருப்பவர்கள், உட்பகுதி என்றால் வயற்காரர், கோயிலடி என்றால் பரிபாலன சபையார். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் பெயர், வாகன இலக்கம், தங்கும் நாள் எழுதிய கடிதம் கொடுக்க வேண்டும். கடலோரத்தில் இரவு ரோந்து உண்டு. ஜூலையில் ஒரு நாள் இரவு 11 மணிக்கு டோர்ச் வெளிச்சம் முகத்தில் பட்டபோது, அந்தக் கடிதத்தின் பிரதியைக் காட்டியதும் இரண்டு நிமிடத்தில் விசாரணை முடிந்தது. அமைதி என்பது நம்மைச் சுற்றியுள்ளவர்கள் நம்மை அறிந்திருப்பதால் கிடைப்பது என்று நான் நம்பத் தொடங்கியது அந்த இரவில்தான்.

அதே ஜூலைப் பயணத்தில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நம்மைப் பாடாய்ப் படுத்தியது. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்கவே நிற்கா. பகல் இரண்டு மணிக்கு ஒரு கூடாரம் பிடுங்கிக்கொண்டு கடற்பக்கம் உருண்டது. அப்போது நமது மூத்த அங்கத்தவர் ஒருவர் காட்டிய முறையை எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். உரப்பையில் பாதியளவு மணல் நிரப்பி வாயைக் கட்ட வேண்டும். பையின் இடுப்பில் கயிற்றை முடிந்து, முழங்கை ஆழக் குழியில் குறுக்காகப் புதைத்து, மேலே மண்ணிட்டு மிதிக்க வேண்டும். மாலை வரை வீசிய காற்றுக்கு அப்படிக் கட்டிய கூடாரம் அசையவில்லை. கச்சான் தரைப் பக்கமிருந்து வருவது. ஆகவே வாசலைக் கடலுக்குத் திருப்பி, கார்களை மேற்குப் பக்கம் மறைப்பாக நிறுத்தினோம். இதைக் கற்றுத் தந்த அந்த ஐயா கார்த்திகையில் நம்மைவிட்டுப் பிரிந்தார். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

காருக்குள் படுப்பவர்கள் தொகை இந்த ஆண்டு கூடியிருக்கிறது. முதுகுவலிக்காரர்களுக்கு அது வசதிதான். சன்னலை இரண்டு விரற்கடை இறக்கி, அதன் மேல் நுளம்பு வலையைக் காந்தத் துண்டுகளால் ஒட்டி வைத்தால் காற்றும் வரும், நுளம்பும் அண்டாது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிரூட்டிக்காக எஞ்சினை ஓடவிட்டபடி உறங்காதீர்கள். கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். எஞ்சின் சத்தம் பக்கத்தில் உறங்குபவரையும் எழுப்பும்.

பங்குனியில் வில்பத்துவுக்குப் போனோம். நமது நகரத்துக்கு வரும் அதே ஏ-12 வீதிதான் அனுராதபுரத்தைத் தாண்டிப் புத்தளம் வரை போகிறது. இடையில் திரும்பினால் வில்பத்து. 1938இல் தேசிய பூங்காவான காடு அது. வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிந்து, காரை வெளியே விட்டு, ஜீப்பில் உள்ளே போனோம். ஒரு முகாமிடத்தை ஒரு குழுவுக்கே கொடுப்பார்கள் என்பதால் பக்கத்துக் கூடாரம் என்ற பேச்சே இல்லை. பொழுது பட்ட பிறகு முகாமைவிட்டு அசையக் கூடாது. வில்லு எனப்படும் மழைநீர்த் தேக்கத்தின் கரையில், புள்ளிமான் ஒன்று அலறிவிட்டு அடங்கிய பின் வந்த மௌனத்தை வந்தவர்கள் மறக்க மாட்டார்கள். செலவு அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போனால் போதும்.

மாவட்டத்தின் உட்பகுதிக் குளக்கட்டுகளை நமது பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். மொறவெவ, கோமரங்கடவல, கந்தளாய்ப் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் அதிகம். மாலையில் தண்ணீருக்கு இறங்கும் வழியில் கூடாரம் அடிப்பது யானைக்கும் கேடு, நமக்கும் கேடு. புறாத் தீவையும் கேட்கிறார்கள். அது 2003 முதல் தேசிய பூங்கா. பகலில் போய் வரலாம், இரவில் தங்க முடியாது.

ஓகஸ்ட் 12ஆம் திகதி இரவு பெர்சியட் விண்கற்களைப் பார்ப்பதற்காகவே கூடினோம். அது திங்கட்கிழமை. திரியாய்ப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒருவரின் தென்னந்தோட்டத்தில் நம்மைத் தவிர யாருமில்லை. அரைநிலா நள்ளிரவை ஒட்டி மறைந்ததும் எல்லா விளக்குகளையும் அணைத்தோம். கண் இருட்டுக்குப் பழகச் சுமார் அரை மணித்தியாலம் எடுக்கும். அதற்குள் ஒருவர் தொலைபேசித் திரையைத் திறந்தாலும் பழகிய பார்வை எல்லோருக்கும் கெட்டுவிடும். அன்று ஒருவரும் திறக்கவில்லை. வடகிழக்கு வானில் கோடிழுத்து விழுந்த ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் மூச்சடக்கி விரல் நீட்டினார்கள். இருட்டைக் காப்பது கடலோரத்தில் இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம்: ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பின்பற்றித் தரைப் பக்கம் திரும்பிவிடும். கரைப் பயணங்களில் இனிச் சிவப்பு விளக்கு மட்டுமே.

மலசலகூட விடயத்தைப் பெண் அங்கத்தவர்கள் சார்பில் வெளிப்படையாகவே எழுதுகிறேன். அமைதியான இடம் என்றால் பெரும்பாலும் மலசலகூடம் இல்லாத இடம். இதனால்தான் பல பெண்கள் ஒரு முறை வந்துவிட்டு மறுமுறை வருவதில்லை. மாலை நான்கு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் இருந்ததாக ஒரு தங்கை என்னிடம் சொன்னபோது மனம் நொந்தது. இப்போது சங்கச் செலவில் ஆளுயர மறைப்புக் கூடாரம் ஒன்றும், மூடியுள்ள வாளியும், மண்வெட்டியும் வாங்கியிருக்கிறோம். கிணறு, குளம், ஓடை எதிலிருந்தும் 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குலக் குழி தோண்டி மூட வேண்டும். மற்றக் குப்பை முழுவதும் காரில் திரும்பி வரும். கோட்டை வாசலில் மான் பொலித்தீன் பையை மெல்லுவதைப் பார்க்கிற ஊர் நமது ஊர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இடப் பதிவேட்டைப் பற்றி நிருவாகக் குழுவில் கடுமையான வாதம் நடந்தது. நாம் கண்டுபிடித்த இடங்களை வரைபடத்தோடு எல்லோருக்கும் வெளியிட வேண்டும் என்று இளையவர்கள் சிலர் கேட்டார்கள். ஒளித்து வைப்பது சுயநலம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நமக்கு இடம் தந்தவர்கள் நம்மை நம்பித் தந்தார்கள். தென்னந்தோட்டக்காரர் தந்தது நமது நான்கு கூடாரங்களுக்கு. நாற்பது கூடாரம் வந்தால் அவர் கதவைப் பூட்டுவார், பிறகு ஒருவருக்கும் இல்லை. ஆகவே பதிவேடு கையெழுத்தில், ஒரே பிரதியாக இருக்கும். அங்கத்தவர் எவரும் வந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இடத்துக்கும் அனுமதி தந்தவர், தண்ணீர், காற்று, இருட்டில் மேட்டுநிலத்துக்கு நடந்து போகும் வழி ஆகியவை அதில் இருக்கும். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையில் கடைசி விபரம் இல்லாத இடத்தை நான் பதிவு செய்ய மாட்டேன்.

பொதுமக்கள் எல்லோருக்கும் பயன்படும் விதத்தில், மலசலகூடமும் கிணறும் கொண்ட சிறிய முகாமிடம் ஒன்றை ஒதுக்கித் தருமாறு விண்ணப்பம் எழுதியுள்ளோம். 2024இல் உள்ளூராட்சி சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இயங்கியதால், தேர்தலுக்குப் பின் புதிய சபையிடம் நேரில் கையளிக்கத் தீர்மானித்தோம்.

செப்டெம்பர் பயணம் ஜனாதிபதித் தேர்தல் காரணமாகவும், நவம்பர் பயணம் அந்த மாத இறுதியில் கிழக்கெங்கும் கொட்டிய பெருமழை காரணமாகவும் கைவிடப்பட்டன. மழை நாட்களில் நமது தார்ப்பாய்களும் எரிவாயு அடுப்புகளும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சமைக்கப் போயின. மூன்று தார்ப்பாய்கள் திரும்பவில்லை. அவற்றைத் திருப்பிக் கேட்பதில்லை என்று குழு தீர்மானித்தது.

அடுத்த பயணம் பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, குச்சவெளிக்கு வடக்கே அதே கரைக்கு. இந்த முறை சம்மாட்டியிடம் முன்கூட்டியே கேட்டாயிற்று. கரைவலைப் பாட்டுக்கு வடக்கே, மேட்டில் இடம் காட்டியிருக்கிறார். ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீரும், கூடாரத்துக்கு நான்கு உரப்பைகளும் கொண்டு வாருங்கள். அதிகாலை ஐந்து மணிக்குக் கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றும் அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைப் பதியலாம்.

செயலாளர்
திருகோணமலை
2025 ஜனவரி