ஸ்டெம் செல் படிப்பும் ஊருணித் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கல்வி இணைப்பிதழில் ஸ்டெம் செல் துறையில் உள்ள வேலைவாய்ப்பு பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. ஸ்டெம் செல் என்றால், தானும் பெருகி, வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல். வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும் படம். முப்பத்தைந்து வருஷத்தில் நான் ஒரு நாள்கூட அப்படித் தூக்கிப் பார்த்ததில்லை. ஆட்டினால் மூடியோரம் நனையும், நனைந்த இடத்தில் கிருமி ஏறும். சரி, படத்தை விடுங்கள். பட்டம் முடித்த கையோடு லட்சங்களில் சம்பளம் என்று போட்டிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதே வாரம் எதிர்வீட்டு ஆச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். மருமகளுக்கு ஏழாம் மாதம். "டீச்சரம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒரு தம்பி ரத்தத்தைப் பத்தி என்னமோ சொல்றாரு, எனக்கு ஒண்ணும் பிடிபடலை." போனேன். முகப்புத் திண்ணையில் டை கட்டிய ஒரு பையன், மடியில் வழவழவென்று ஒரு விளம்பரப் புத்தகம். ஸ்டெம் செல் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து உறைய வைத்துப் பாதுகாக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள். "பிறக்கும்போதே பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் போடுற மாதிரி ஆச்சி. பின்னாடி என்ன வியாதி வந்தாலும் அதோட ரத்தமே அதைக் காப்பாத்தும்." மாதத் தவணையும் உண்டாம்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "தம்பி, இந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால், அதன் தொப்புள்கொடி ரத்தத்தையே திருப்பி ஏற்றினால் குணமாகுமா?"

"ஆகும் மேடம்." கொஞ்சம் யோசித்தவர், "ஆகும்னுதான் ட்ரெயினிங்ல சொன்னாங்க" என்றார்.

ஆகாது. எந்த மரபணுக் கோளாறால் நோய் வந்ததோ, அதே கோளாறு அந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும். 1988இல் பாரிஸில் முதன்முதலாக இந்த ரத்தம் ஏற்றப்பட்ட சிறுவனுக்குப் பயன்பட்டது அவனுடைய சொந்த ரத்தமில்லை, புதிதாகப் பிறந்த தங்கையின் ரத்தம். வருங்காலத்தில் தனக்கே பயன்படும் என்று சேமித்து வைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 வழிகாட்டு நெறிகளில் எழுதியே வைத்திருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு ரத்த நோய் இருந்தால் கதை வேறு. அப்போது டாக்டரே சொல்வார்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி, முதல் வகுப்பு. இந்தப் பக்கத்துக் கல்லூரிதான். உயிருள்ள செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறீர்களா?

"ரெக்கார்டு நோட்டுல வரைஞ்சிருக்கேன் மேடம்."

திட்ட மனம் வரவில்லை. மோரைக் குடித்துவிட்டு, புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனார். உங்கள் கட்டுரை சொல்கிற 'ஸ்டெம் செல் துறையில் வேலைவாய்ப்பு' இந்தச் சீமைப் பிள்ளைகள் பலருக்கு இந்த டையும் புத்தகமும்தான்.

நான் பிறந்தது கோட்டையூரில், 1961இல். அதே வருஷம்தான் கனடாவில் டில், மெக்கல்லக் என்ற இருவர் எலும்பு மஜ்ஜைச் செல்களைச் சுண்டெலிகளுக்குள் செலுத்தி, பத்துப் பதினோரு நாள் கழித்து மண்ணீரலில் முளைத்திருந்த சின்னச் சின்னக் கட்டிகளை எண்ணிப் பார்த்து எழுதினார்கள். ஒவ்வொரு கட்டியும் ஒற்றைச் செல்லிலிருந்து வந்தது என்பது அடுத்த ஓரிரு வருஷத்தில் உறுதியானது. ஸ்டெம் செல் உண்டு என்பதற்கு முதல் நல்ல சாட்சி அதுதான். தமிழில் குருத்தணு என்கிறார்கள். வாழைக்குருத்தை விரித்துப் பார்த்த யாருக்கும் அந்தச் சொல் புரியும். ஆனால் பேச்சில் ஸ்டெம் செல் என்றுதான் வருகிறது, எனக்கும்.

1984இல் பி.எச்டி. படிக்கச் சென்னை போனேன். முதல் மூன்று மாதம் கண்ணாடிச் சாமான் கழுவினேன், அவ்வளவுதான். அப்புறம் எலியின் தொடை எலும்பை எடுத்து, இரண்டு முனையையும் நறுக்கி, ஒரு பக்கம் ஊசியால் திரவத்தைச் செலுத்தினால் மறுபக்கம் மஜ்ஜை சிவப்பு நூல் மாதிரி வெளியே வரும். "எலி எலும்பை நோண்டவா உன்னை மெட்ராஸுக்கு அனுப்பினோம்?" என்று அப்பத்தா கேட்டார்கள். அந்தச் செல்களை 37 டிகிரிச் சூட்டில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வைத்து வளர்க்க வேண்டும். பிள்ளை வளர்க்கிற மாதிரி என்று சொல்வார்கள், பிள்ளையாவது பசித்தால் அழும். இங்கே நிறம்தான் பேச்சு. வளர்ப்புத் திரவம் இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். மஞ்சளித்தால் பசி, அல்லது கூட்டம் அதிகம், அல்லது கிருமி. ஒரு பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தால் எல்லாத் தட்டும் கத்தரிப்பூ நிறம். சிலிண்டரில் வாயு தீர்ந்துபோயிருந்தது. ஐந்து மாத வேலை. அதற்கப்புறம் நான் எந்தப் பொங்கலுக்கும் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை.

சம்பளக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டுரை சொல்லாததால். எம்.எஸ்சி. முடித்து, தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் 2023 தொடங்கி மாதாமாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. பி.எச்டி. முடிய ஐந்தாறு வருஷம். அதன்பின் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ இன்னொரு ஆய்வகத்தில் சில வருஷம். நிரந்தர வேலை என்று ஒன்று கிடைத்தால் அப்போது வயது முப்பதைத் தாண்டி நன்றாகவே போயிருக்கும். போகக்கூடிய ஆய்வு நிலையங்களும் சொற்பம்: வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், பெங்களூரு இன்ஸ்டெம், ஹைதராபாத் சி.சி.எம்.பி., புனே என்.சி.சி.எஸ். என்று ஒரு கை விரல்களில் தொடங்கி இன்னொரு கையில் முடிந்துவிடும். இதைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். வேலூர்க் குழு, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றியதை 2024 டிசம்பரில் வெளியிட்டது. அந்த மாதிரி வேலைக்கு வருகிற பிள்ளை 37,000 ரூபாயைக் கேட்டு ஓடாது.

வருத்தம் வேறு இடத்தில். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின் இந்தப் பக்கத்தில் ஒரு கல்லூரி என்னைப் பேசக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம். பேசி முடித்ததும் ஆய்வகத்தைக் காட்டினார்கள். செல் வளர்ப்பதற்கான கிருமிநீக்கக் கூண்டு ஒன்று, நல்ல விலையுள்ளது, வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கிறது. உறைமேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும், ஒரு வருஷத்துப் பொட்டில்லை, மேலே மேலே வைத்தது. ஏன் போடுவதில்லை என்றேன். "கெட்டுப் போச்சுன்னா ஆடிட்ல கேப்பாங்க மேடம்." அந்த உதவிப் பேராசிரியரும் ஒப்பந்தத்தில் இருப்பவர். கெட்டால் யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியாதா?

பாடம் நடத்துவதில் நானும் தப்புச் செய்தவள்தான். பல வருஷமாக என் வகுப்பில் ஆத்தங்குடிக் கல்லை உதாரணம் சொல்வேன். கண்ணாடித் தட்டில் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றும்போது அது பூவாகவும் ஆகலாம், கட்டமாகவும் ஆகலாம். இறுகிவிட்டால் முடிந்தது, திரும்பாது. தோல் செல்லும் அப்படித்தான், தோலானது தோல்தான் என்று அடித்துச் சொல்வேன். 2006இல் யமனாகா, சுண்டெலியின் தோல் செல்லுக்குள் நாலே நாலு மரபணுவைப் புகுத்தி அதை மறுபடி குருத்தாக்கிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் அதைக் காட்டியதற்கு மறு வருஷ வகுப்பில், "போன வருஷம்வரை நான் சொன்னது தப்பு" என்று சொல்லித்தான் தொடங்கினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண், "கல்லு தானா பெருகாதே மேடம், செல்லு பெருகுமே, உதாரணமே தப்புதானே?" என்றாள். அவள் சொன்னது சரி. அன்றோடு கல்லை விட்டேன்.

இப்போது கல்லுக்குப் பதில் ஊருணி. நம் ஊருணியில் வேலம்பாசி இருக்கிறதே, ஒரு கைப்பிடி எடுத்து, ஊருணித் தண்ணீரோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஜன்னலோரம் ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். காலையில் வெளிச்சம் விழுகிற பக்கம் பாட்டில் சுவரில் நூல் துண்டு மாதிரி ஏதாவது தொங்குகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டர்கூட இருக்காது, நுனியில் ஐந்தாறு கை. அதுதான் ஹைட்ரா என்கிற குட்டி உயிரி. எல்லா நாளும் கிடைக்காது, கிடைக்கிற நாளில் பத்துப் பதினைந்து இருக்கும். புது பிளேடால் இரண்டாக வெட்டினால் மூன்று நாளில் தலைத் துண்டுக்குக் காலும் கால் துண்டுக்குத் தலையும் முளைத்துவிடும். உடம்பு முழுக்க ஓயாமல் பெருகுகிற குருத்தணுக்கள். புனேயில் இதையே வைத்துப் பல வருஷம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இதை 1740களில் முதலில் வெட்டிப் பார்த்த ஆப்ரகாம் ட்ரெம்ப்ளே எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் இல்லை. ஹாலந்தில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு டியூஷன் எடுத்தவர். பாசி அள்ளியது வாய்க்காலில்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆசையாக வீட்டுக்கு ஐந்தாறு ஹைட்ரா வாங்கிப் போனாள், ஆச்சியின் பித்தளைத் தூக்கில். மறுநாள் அத்தனையும் கரைந்து கிடந்தன. பித்தளையில் இருப்பது செம்பு, ஹைட்ராவுக்குச் செம்பு எமன். அழுதுவிட்டு, மறுபடி வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் வாங்கிப் போனாள். இப்போது நோட்டில் தேதி போட்டு எழுதுகிறாள். எத்தனை செத்தது என்றும் எழுதியிருக்கிறாள், அதை நான் சொல்லித்தரவில்லை.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மண் இது. நான் ஏக்கர் கேட்கவில்லை. கல்லூரிகள் அந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கட்டும், கெட்டால் கெடட்டும் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுக்கட்டும். உங்கள் இணைப்பிதழும் அடுத்த முறை சம்பளத்தோடு சேர்த்து அதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்பதையும் போடட்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பகுதியில் ஹைட்ராவும் ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பும் இருக்கும். எந்தப் பள்ளிப் பிள்ளையும், எந்தக் கல்லூரிப் பிள்ளையும் வரலாம். அந்த டை கட்டிய தம்பி இதைப் படித்தால் அவரும் வரலாம். கண்ணாடிப் பாட்டில் கொண்டுவாருங்கள், பித்தளை வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிர்மருத்துவ அறிவியல் பேராசிரியை,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.