மகளுக்கு, ஒப்புக்கொடுத்தலைப் பற்றி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசித் தீர்க்கக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை. போனில் என்றால் நான் குறுக்கே குறுக்கே பேசுவேன், நீயும் "சரி அம்மா, சரி அம்மா" என்று முடித்துவிடுவாய். எனவே நானும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன், ஆனாலும் சமாதானம் இல்லை. இன்னும் எதையோ பிடித்துவைத்திருக்கிறேன் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். உபவாசக் கூட்டத்தில் நிரப்பச் சொன்ன தாளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். வேலை, சம்பளம், திருமணம், சிநேகிதிகள், மேற்படிப்பு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் சின்னதாக ஒரு சிலுவைக்குறி. கடைசி வரியில் எதையோ எழுதி, தாள் கிழியும் அளவுக்குப் பேனாவால் அடித்திருக்கிறாய். படத்தைப் பெரிதாக்கிப் படித்துவிடலாமா என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது. படிக்கவில்லை. அது உனக்கும் ஆண்டவருக்கும் இடையில் இருக்கட்டும்.

என்னை உறுத்தியது அந்தத் தாளின் தலைப்பு. "தேவனுடைய பிள்ளையாக வாழ நான் செலுத்தும் விலை" என்று அச்சடித்திருக்கிறார்கள். அச்சடித்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். ஆனால் முன்னது பின்னதாகிவிட்டது. பிள்ளையாவதற்கு விலை என்று ஒன்று உண்டென்றால், அதைச் செலுத்தியவர் வேறொருவர்.

இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் கரையை நினைத்துப்பார். இயேசு அதுவரை ஒரு பிரசங்கம்கூடச் செய்யவில்லை, ஒரு குஷ்டரோகியைத் தொடவில்லை, ஒரு சீஷனையும் அழைக்கவில்லை. ஏறக்குறைய முப்பது வயதுள்ள ஒரு தச்சர், அவ்வளவுதான். அப்போது வானத்திலிருந்து சத்தம் வருகிறது: "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." எதைச் சாதித்ததற்காக இந்தப் பிரியம் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரம், நாற்பது நாள் உபவாசம், பசி. சோதனைக்காரன் வந்து வாய் திறந்ததும் சொல்கிறான்: "நீர் தேவனுடைய குமாரனேயானால்." அவன் முதலில் கைவைத்தது யோர்தானில் கேட்ட அந்த வார்த்தையின் மேல்தான், பசியெல்லாம் அவனுக்கு ஒரு சாக்கு. கடைசியில் சிலுவையின் கீழே நின்று பரியாசம்பண்ணினவர்களும் அதே பல்லவியைத்தான் பாடினார்கள்: குமாரனானால் இறங்கி வா. குமாரன் என்பதை நிரூபித்துக் காட்டச் சொல்லி நெருக்கும் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று மத்தேயு காட்டிவிடுகிறார். உன் தாளின் தலைப்பில் அந்தக் குரலின் சாயல் எனக்குக் கேட்டது. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் 8ஆம் அதிகாரம் உனக்கு மனப்பாடம். ஆனால் அதை முதன்முதலில் கேட்டவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்திருக்கிறாயா? பவுல் அதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57இல். அப்போது ரோமாபுரியின் சிம்மாசனத்தில் இருந்தவன் நீரோ, அவனே ஒரு சுவிகார புத்திரன். கிலவுதியு ராயன் கி.பி. 50இல் அவனைச் சட்டப்படி தன் மகனாக்கிக்கொண்டான். பழைய குடும்பப் பெயர் போய்ப் புதுப் பெயர் வந்தது. 54இல் ராஜ்யமே கைக்கு வந்தது. ஆக, "புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்" என்று வாசிக்கக் கேட்ட எவருக்கும் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. ரோமர்களிடத்தில் சுவிகாரம் என்பது பெரும்பாலும் வளர்ந்த ஆண்மகனை வாரிசாக ஏற்பது. அந்த ஒரே நடவடிக்கையில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்தன. தகப்பனுடைய சுதந்தரத்துக்கு, அதாவது வாரிசுச் சொத்துக்கு, அவன் உரியவனானான். தகப்பனுடைய முழு அதிகாரத்துக்கும் கீழே வந்தான். அதற்குப் பிறகு அவன் சம்பாதிப்பதுகூடச் சட்டத்தின் பார்வையில் தகப்பனுக்கே சொந்தம். முதல் பாதியை வாங்கிக்கொண்டு இரண்டாம் பாதியை யோசித்துச் சொல்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. உன்னிடத்தில் நீ தேடும் முழு அர்ப்பணிப்பும் இப்படித்தான். பிள்ளையாக்கப்பட்ட அன்றைக்கே அவருக்குச் சொந்தமாகிவிட்டாய். இப்போது ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பது, ஏற்கெனவே அவருடையதை அவருடையது என்று ஒத்துக்கொள்வதுதான்.

இன்னொன்றும் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கிலவுதியுவுக்குப் பெற்ற மகன் ஒருவன் இருந்தான், பிரித்தானிக்கஸ் என்று பெயர். சுவிகார மகன் வந்தபின் அவன் ஓரங்கட்டப்பட்டான். நீரோ பட்டத்துக்கு வந்த மறு வருஷமே, 14 வயது நிறையுமுன், இறந்துபோனான். நீரோ விஷம் வைத்தான் என்றே ரோம வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தத்து வந்தவன் சொந்த மகனைத் தள்ளிவிட்டு ஏறிய அரண்மனை அது. அதன் நிழலில் கூடி உட்கார்ந்து "கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர்" என்று வாசிக்கக் கேட்டவர்களின் முகங்களைப் பார்க்க எனக்கு ஆசை. இங்கே சொந்தக் குமாரனே தம் உயிரைக் கொடுத்து, தத்து வருகிறவர்களை உள்ளே அழைத்துவருகிறார். அவர்களைச் சகோதரரென்று சொல்ல வெட்கப்படாதவர் என்கிறது எபிரெயர் நிருபம்.

புத்திரர் என்றால் பையன்களுக்கு மட்டுந்தானா என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு ஆசிரியரைத் திணறடித்தவள் நீ. "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்று கலாத்தியரில் எழுதிய கையோடுதான் பவுல் சுதந்தரத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆண்வாரிசுக்கு என்று இருந்த முழு உரிமையையும் பெண்ணுக்கும் அடிமைக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். பங்கில் குறைவு வந்துவிடுமோ என்று நீ இப்போதும் அஞ்ச வேண்டாம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றி நான் அடிக்கடி பேசுவேன், உனக்குச் சலித்திருக்கும். ஆனாலும் இந்த இடத்தில் அவரை விட முடியாது. குருப்பட்டம் பெற்றவர், வாரத்தில் இரண்டு நாள் உபவாசிப்பவர், 1735இல் கடல் கடந்து அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போனவர். கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்தவர் என்று யாரும் சொல்வார்கள். மனம் உடைந்து திரும்பி வந்தார். 1738 மே 24 அன்று லண்டனில், ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் தம் பாவத்தைக் கிறிஸ்துவே எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் வெஸ்லிக்குள் வந்தது. பிற்காலத்தில் தம் நாட்குறிப்பைத் திரும்பப் பார்த்தவர், முந்தின நாட்களில் தமக்கு இருந்தது வேலைக்காரனுடைய விசுவாசம், மகனுடைய விசுவாசம் இல்லை என்று குறிப்பு சேர்த்தார். எல்லாவற்றையும் தேவனிடத்தில் ஒப்புவிக்கும் உடன்படிக்கை ஆராதனையைத் தம் சங்கங்களில் அவர் தொடங்கியது 1755இல். பவுலும் பதினொரு அதிகாரம் தேவன் செய்ததை எழுதி முடித்த பிறகுதான், "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு" சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறார்.

கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த குமாரனின் கதையை நீட்டமாட்டேன். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று ஆரம்பித்து, ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லையே என்று தகப்பனிடம் குறைப்படுகிறான். சொந்த வீட்டிலே கூலிக்காரனாக வாழ்ந்தவன். உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அவன் குரல் கேட்டது. அவ்வளவு சொன்னால் உனக்குப் புரியும்.

நீ கேட்ட இன்னொரு கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "நான் எதற்கு அதிகம் பயப்படுகிறேனோ அதையே கேட்பாரோ?" இதற்கு, சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்குத்தான் போகவேண்டும். பலர் அந்தத் தோட்டத்துக்கு நேரே "உம்முடைய சித்தத்தின்படியே" என்ற வாக்கியத்துக்காகப் போய், அதற்கு முன் இருப்பதைத் தாண்டிவிடுகிறார்கள். முன்னே இருப்பது, "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்ற விண்ணப்பம். பாத்திரம் என்றது வரப்போகிற பாடுகளை. முகங்குப்புற விழுந்து கேட்டார். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னார். மத்தேயுவில் முதல் ஜெபத்தையும் இரண்டாம் ஜெபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசி. முதலில், நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும் என்கிறார். அடுத்ததில், நான் பானம்பண்ணினாலொழிய நீங்கக்கூடாதாகில் என்று வார்த்தை மாறியிருக்கிறது. மூன்றாந்தரமும் போய் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார். பாவமில்லாத குமாரனுக்கே அது ஒரே மூச்சில் முடியவில்லை. ஓர் இரவின் போராட்டம் தேவைப்பட்டது. நீயோ ஒரு தாளை நிரப்பிவிட்டு, மறுநாள் காலையில் சமாதானம் ஏன் வரவில்லை என்கிறாய்.

விருப்பம் எதுவும் இல்லாதவளாக நடிப்பது ஒப்புக்கொடுத்தல் ஆகாது. "எனக்குத் திருமணம் வேண்டும் ஆண்டவரே" என்று சொல்ல உனக்கு வெட்கம் ஏன்? வேண்டும் என்று சொல், கண்ணீரோடு சொல், பிறகு அவர் கையில் வை. அவர் எடுத்துக்கொள்ளவே மாட்டார் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது, பாத்திரம் நீங்கவில்லையே. ஆனால் மாற்கு எழுதியிருக்கிறபடி, அந்தத் தோட்டத்திலும் அவர் "அப்பா பிதாவே" என்றுதான் அழைத்தார். முன்பின் தெரியாத ஓர் எஜமானிடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

சமாதானம் இல்லாததைக் குறைவின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதே. ஆவியைப் பெற்றீர்கள் என்று சொல்லும் அதே ரோமர் 8ஆம் அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, புத்திரசுவிகாரம் வருகிறதற்குக் காத்திருந்து நமக்குள்ளே தவிக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறது. பெற்றாயிற்று, இன்னும் வரவேண்டியதும் இருக்கிறது. தவிப்பும் பிள்ளைகளுக்கு உரியதுதான்.

இனி நீ போகிறபோக்கில் எழுதிய ஒன்று. "ஐயா எனக்கு ஆவிக்குரிய தகப்பன். அவர் சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்வதுதான் முழு ஒப்புக்கொடுத்தல் என்கிறார்கள். வேலையை விடச் சொல்லியிருக்கிறார்." இதை வாசித்ததும் நான் எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத்தான் வந்தேன். மகளே, விசுவாசத்தில் தகப்பனைப் போன்றவர்கள் உண்டு. பவுல் தீமோத்தேயுவை உத்தம குமாரன் என்று அழைத்தார். ஆனால் அந்தப் பவுல்தான் கொரிந்தியருக்கு, நாங்கள் உங்கள் விசுவாசத்துக்கு அதிகாரிகள் அல்ல, உங்கள் சந்தோஷத்துக்குச் சகாயர் என்று எழுதினார். பெற்றாருக்குப் பிள்ளைகளல்ல, பிள்ளைகளுக்குப் பெற்றாரே பொக்கிஷம் சேர்த்துவைக்கவேண்டும் என்றும் எழுதினார். தகப்பன் என்று சொல்லிக்கொள்கிற ஒருவரை நிறுத்துப் பார்க்க இந்த இரண்டு வசனங்களும் போதும். உன் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்கிறாரா, பதில் சொல்கிறாரா? உன் சம்பளத்தைப் பற்றி அதிகம் பேசுகிறாரா, உன் ஜெபத்தைப் பற்றியா? தேவனுக்கு மட்டும் கொடுக்கவேண்டியதை மனுஷனுக்குக் கொடுத்துவிட்டு அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயர் வைக்காதே. "பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள்" என்று ஆண்டவர் சொன்னது இப்படிப்பட்ட நேரத்துக்கும் சேர்த்துத்தான்.

வேலையை விடவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உன்னை ஊழியத்துக்கு அழைத்தால் அழைக்கட்டும். நீ பக்கத்தில் இருந்தால் நல்லது என்று எனக்கும் ஓர் ஆசை இருக்கிறது. அதைத் தேவ சித்தம் என்று உன் தலையில் கட்டமாட்டேன், வேறு யாரும் கட்டவும் விடாதே. ராஜினாமா எழுதுவதற்கு முன், உன்னிடத்தில் எதையும் எதிர்பார்க்காத முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் உட்கார்ந்து பேசு. அடித்த அந்தக் கடைசி வரியையும் ஜெபத்தில் அடிக்காமல் சொல்லிப்பார்.

தீர்மானம் எதுவானாலும் எனக்கு எழுது. அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா